சுருக்கி வைத்த கோப்புகளில் பரிமளாவைத் தேடிய வாரம்

மூட்டை கட்டி வைத்த கோப்புகளுக்குள் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று தேடிச் சொல்வது ஒரு தொழில் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதற்குச் சம்பளமும் கொடுத்து, ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியிலிருந்து மாதாப்பூர் வரை கூட்டிப் போக வண்டியும் அனுப்புகிறார்கள்.

ஊரெல்லாம் வீடு திரும்பும் நேரத்தில் எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டித் தூங்கப் பார்த்து, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் புரண்டுகொண்டிருப்பவர்கள், "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு மனைவி முழிப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், நாம் ஒரே சாதி. நான் இதை முறையாகப் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு கூரியர் ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே கெட்டுப்போன கம்ப்யூட்டரை வேறு ஆள் இல்லாததால் நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டது. இன்றைக்கும் ஒரு கட்டளையை அடித்துவிட்டு எண்டர் தட்டும் முன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்வேன்.

எங்கள் கம்பெனி சின்னது. மற்றவர்களுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வரும் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வரி வரியாகத் தானே எழுதிக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். பழைய லாக்குகள் இடத்தை அடைக்கும் என்பதால் அவற்றைச் சுருக்கி, மாதத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுவோம். அப்படிக் கட்டிப் போட்டதில் ஒரு மூட்டையை அவிழ்க்க வேண்டி வந்த வாரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

லேப்புக்கு லீவு

எங்கள் வாடிக்கையாளர்களில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேப் உண்டு. அதன் மேனேஜர் ரெட்டி காரு; காரு என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது. அவர் தெலுங்கில்தான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன். அவர் கொண்டுவந்த புகார் இது: ஆபரேஷனுக்குப் போக இருந்த ஒருவருடைய ரத்தப் பிரிவு ஓ. போன மாதம் ஒரு திங்கட்கிழமை லேப்பின் கம்ப்யூட்டரில் அது பி என்று மாறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் முன் இன்னொரு முறை பார்த்ததால் ஆள் பிழைத்தார். மாற்றியது யார் என்று தெரிய வேண்டும். திரையில் "கடைசியாகச் சேமித்தவர்: 4417" என்று இருக்கிறது. அந்த எண் கவுன்டரில் இருக்கும் பரிமளா என்ற அம்மாவுடையது. அவரை வீட்டில் இருக்கச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை முதலாளிகள் கூடி முடிவு செய்வார்கள்.

பகல் ஷிஃப்டில் இருக்கும் கிரண் கெட்டிக்காரப் பையன். ஆனால் அவசரக்காரன். அந்தத் திங்கட்கிழமை அங்கே யார் யார் எதை மாற்றினார்கள் என்று சாதாரண கிரெப் கட்டளையால் தேடினான். சுருக்கிய கோப்பின் மேல் கிரெப் ஓடினால் அது பாவம், உறையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிடும். உள்ளே பார்க்க வேண்டுமானால் இசட்கிரெப் என்று வேறு கட்டளை உண்டு. கிரணுக்கு இது தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டது. "அந்தத் தேதியில் எந்த மாற்றமும் இல்லை, எந்தப் பதிவும் இல்லை" என்று மெயில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ரெட்டி காருவின் போன். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"அன்னிக்கு லேப்பே திறக்கலைன்னு எழுதியிருக்கீங்க சார். நான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எங்கே உட்கார்ந்திருந்தேன்?"

போலாரத்திலிருந்து

மறுநாள் சாயங்காலம் ஒரு பெண் குரல். முதலில் தெலுங்கு, அப்புறம் ஹிந்தி, நடுவில் என் பெயரைக் கேட்டதும் சட்டென்று தமிழுக்கு மாறியது. பரிமளாதான். புகார் மெயிலில் எங்கள் நம்பர் இருந்திருக்கிறது. வீடு போலாரம். தாத்தா காலத்திலேயே ராணுவக் கேன்டீன் வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் வேலூரும் இருந்தது, ஹைதராபாத்தும் இருந்தது.

அவர் சொன்னதன் சாரம்: ரத்தப் பிரிவை அவர் தொடவே இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் நோயாளியின் மகன் வந்து இன்னொரு காப்பி கேட்டிருக்கிறார், இவர் பிரின்ட் கொடுத்திருக்கிறார். அந்த சாஃப்ட்வேரில் பிரின்ட் கொடுத்தாலே சேமித்த மாதிரி கணக்கு. அதனால்தான் கடைசியில் இவர் நம்பர். உண்மையில் மாற்றியவர் அதற்கு முன்னால் எங்கோ இருக்க வேண்டும், அதுவும் என்னுடைய மூட்டைக்குள். ரத்தப் பிரிவை மாற்றியவள் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் வேறு எந்த லேப்பும் வாசலில்கூட நிற்க விடாது என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பேன்.

வாடிக்கையாளரின் ஊழியரிடம் நேரே பேசுவது எங்கள் விதிப்படி சரியில்லை. அதை நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆமாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஹவ்வோடு ஆரம்பித்தார்:

"ஹவ் அண்ணா, பேச வேணாம். தேடுங்க, போதும்."

இருக்கிறது, சொல்ல மாட்டேன்

நான் அந்த மாத மூட்டையின் மேல் இசட்கிரெப்பை ஓட்டினேன், 4417 என்று கொடுத்து. என்னுடன் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நசீர் பாய் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் மல்காஜ்கிரிதான், ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் மட்டும் இந்த ஊர் உருதுவான தக்கனிக்குத் தாவிவிடுவார். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: பைனரி கோப்பு, பொருந்துகிறது. அவ்வளவுதான். எங்கே பொருந்துகிறது, எப்படிப் பொருந்துகிறது, ஒன்றும் கிடையாது. கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "ஆமா, இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திறக்காமல் இருப்பது போல.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை என்றால், அதை எழுத்தே இல்லாத பைனரி என்று எடுத்துக்கொண்டு இப்படித்தான் சொல்லும். அதையும் எழுத்தாகவே பார் என்று கட்டளையில் ஓர் எழுத்து கூடச் சேர்க்க வேண்டும். எனக்கு அது நினைவுக்கு வந்தபோது காலை ஷிஃப்ட் மாறும் நேரம். கிரணிடம் "பொருந்துகிறது என்று வருகிறது, இன்னும் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். கிரண் அதில் முதல் பாதியை மட்டும் லேப்புக்கு எழுதினான். வண்டி பேகம்பேட்டைத் தாண்டும் முன்னால் ரெட்டி காருவின் பதில் எனக்கும் நகல் வந்துவிட்டது.

"பொருந்திடுச்சுன்னா அந்த அம்மாதான்னு தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்னத்தைப் பார்க்கணும்?"

எங்கும் நிறைந்தவர்

அன்று பகலில் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஏன் முழித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டாள். ஒரு அம்மாவைத் தேடுகிறேன் என்று தமிழில் சொன்னேன். போலீஸில் சொல்லக்கூடாதா என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு டிவியைப் போட்டாள்.

சாயங்காலம் போனதும் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துத் தேடினேன். இப்போது கதவு திறந்தது மட்டுமில்லை, வீடே இடிந்து மேலே விழுந்தது. திரை நிற்காமல் ஓடியது. 4417 என்று முடியும் செல்போன் நம்பர்கள், நடுவில் 4417 வரும் பில் நம்பர்கள், யாரோ ஒருவரின் ஆதார், டெஸ்ட் ட்யூபின் மேல் ஒட்டும் சீட்டு எண்கள். ஒரு நோயாளியின் வீட்டுக் கதவு இலக்கம்கூட அதுதான். இதில் பரிமளா எங்கே என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் குவியலைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாமே பரிமளா என்றுதான் தோன்றும் என்பது மட்டும் புரிந்தது. நான் எழுந்து ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தேன். நசீர் பாய் தேநீரோடு வந்து, ஓடும் திரையைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"நக்கோ மியா, வேணாம், விட்டுடு. இந்த அம்மா லேப்ல வேலை செய்யலை. லேப்பே இந்த அம்மாதான்."

ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவர்

அடுத்த நாள் பரிமளாவிடமிருந்து மறுபடி போன். இந்த முறை விதியைப் பற்றி நான் பேசவில்லை. ரெட்டி காரு அவரைக் கூப்பிட்டு, இந்த வாரம் நடு ராத்திரியில் லேப்பின் சர்வருக்குள் நுழைந்து என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். நுழைந்தது ஒரு முறை இரண்டு முறை இல்லையாம், பக்கம் பக்கமாக இருக்கிறதாம். சும்மா இருந்த ஒரு அம்மாவை நாம்தான் கெட்டிக்காரத் திருடி ஆக்கிவிட்டோமோ, அல்லது அவர் நிஜமாகவே ஏதாவது... என்று ஒரு நிமிஷம் தோன்றியதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

கிரணிடம் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. ரெட்டி காரு நச்சரித்ததால் மூட்டையை விட்டுவிட்டு, சர்வரில் இருக்கும் எல்லா லாக்கிலும் 4417-ஐத் தேடி, வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறான். அந்த எல்லாவற்றிலும் இன்னொரு லாக்கும் உண்டு: எங்கள் ஆட்கள் அந்தச் சர்வரில் என்னென்ன கட்டளை அடித்தோம் என்று எழுதி வைக்கும் லாக். நான் ராத்திரி முழுக்க "4417-ஐத் தேடு, 4417-ஐத் தேடு" என்று அடித்தது ஒவ்வொன்றும் அதில் 4417 என்று பதிவாகியிருக்கிறது. நான் தேடத் தேட அவர் அதிகமாகிக்கொண்டே போயிருக்கிறார். அவரைக் காப்பாற்ற நான் பாடுபட்ட ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிரான சாட்சி.

இதை ரெட்டி காருவுக்கு விளக்க எனக்கு அரைமணி பிடித்தது. அவை பரிமளா அல்ல, பரிமளாவைத் தேடிய நான் என்றேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். சரி, சரி என்றார். கடைசியில் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்:

"அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க லேப்புக்குள்ள நுழைஞ்சது நீங்களா சார்?"

அந்நிய நேரம்

மூட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், அவிழ்த்து, அந்தத் திங்கட்கிழமைக் கோப்பை மட்டும் தனியாக எடுத்தேன். இனி நம்பரைத் தேடப் போவதில்லை. அந்த நோயாளியின் பதிவைத் தேடுவோம் என்று தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். எல்லோரும் 4417, 4417 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது. ஓ என்பது பி ஆனது ஒரே வரி. நேரம் காலை ஏழு நாற்பது. செய்த நம்பர் 4417 இல்லை. 9000 என்று ஒன்று. பரிமளாவின் ஷிஃப்ட் ஒன்பது மணிக்குத்தான். நம்பரும் வேறு, நேரமும் வேறு. எனக்கு நிலைகொள்ளவில்லை. உடனே அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

அப்புறம்தான் அந்தச் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். அது லண்டன் நேரத்தில் ஓடுகிறது. நம்முடைய கணக்குக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஏழு நாற்பது என்றால் மத்தியானம் ஒன்று பத்து. அவர் கவுன்டரில் உட்கார்ந்திருந்த நேரம். போதாததற்கு, ரெட்டி காருவிடம் விசாரித்தபோது அவர், 9000 என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்காக வைத்திருந்த ட்ரெய்னி நம்பர், அதற்குக் கடவுச்சொல்லே கிடையாது, லேப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும் என்றார். பரிமளாவே தன் நம்பரை விட்டுவிட்டு அதில் நுழைந்து செய்திருக்கலாமே என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்த பெண்ணுக்கு மறுபடி போன் செய்து இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஏழு நாற்பதோடு ஐந்தரையைத் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் அண்ணா, உங்க மிஷினுக்கு அது ஹைதராபாத்துல இருக்கறது தெரியாதா?"

அழுத குழந்தை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் அவர்கள் கூட்டம். என்னிடம் இருந்தது யாருடையதும் இல்லாத ஒரு நம்பர், எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு நேரம். நசீர் பாய் தன் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். கைக்கு டென்ஷன் என்று கேட்டார். ஏன் கவலை என்பதை அவர் அப்படித்தான் கேட்பார். நான் சொன்னேன். அவர், சரி, அந்த ஒன்று பத்துக்கு இந்த அம்மா எங்கே இருந்தார் என்று பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை. பார்க்கப் பயம். இந்த வாரம் பூராவும் 4417 எங்கேயும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் போய் அதையே தேட எனக்குக் கை வரவில்லை. நசீர் பாய் தானே அடித்தார்.

இருந்தது. அதே நிமிஷத்தில் 4417, கீழ்த்தளத்துக் கவுன்டர் கம்ப்யூட்டரில் ஒரு கைக்குழந்தையின் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தது. குழந்தையின் வயதை முதலில் தப்பாகப் போட்டு, அழித்து, திருத்தி, ஒரு வரியின் மேல் இன்னொரு வரி. 9000 செய்த மாற்றம் மாடியில் ரத்தம் எடுக்கும் அறையின் கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு மாடியில் தட்டச்சு செய்ய முடியாது. நான் கண்டுபிடிக்கக்கூடாது என்று பயந்த வரிதான் அவரைக் காப்பாற்றியது. பரிமளாவைக் கூப்பிட்டு, அந்த மத்தியானம் ஒரு குழந்தை வந்ததா என்று மட்டும் கேட்டேன். நேரத்தை இரண்டு தடவை கூட்டிப் பார்த்த பிறகுதான் கேட்டேன்.

"ஐயோ, அதுவா? ஊசி போடறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிடுச்சு அண்ணா. அது கத்தின கத்துல நான் மூணு மாசத்தை மூணு வருஷம்னு போட்டுட்டேன்."

ட்ரெய்னி

இரண்டு வரிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, லண்டன் நேரம், நம் நேரம், மாடி, கீழ்த்தளம் எல்லாம் எழுதி நானே அனுப்பினேன்; கிரணிடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ரெட்டி காரு கூப்பிட்டார். போர்வை கட்டிய இருட்டில் போனைத் தேடி எடுத்தேன். கூட்டம் சுமுகமாக முடிந்ததாம். அந்த அம்மா திங்கட்கிழமையிலிருந்து வரலாமாம். தவறு செய்த ட்ரெய்னியை உடனே வேலையிலிருந்து நிறுத்துவதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்களாம்.

ட்ரெய்னி என்று ஓர் ஆள் கிடையாதே, அது எல்லோரும் மாற்றி மாற்றி உபயோகிக்கிற நம்பர்தானே, மாடி அறையில் அன்று யார் இருந்தார்கள் என்று பாருங்கள் என்று நான் தூக்கக் கலக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். மாடியில் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் இருப்பார்கள் என்றார். அப்புறம் எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லாதவங்களை நிறுத்தினா அவங்களுக்கும் கஷ்டமில்லை, எங்களுக்கும் கஷ்டமில்லை சார். நீங்க தூங்குங்க."

திங்கட்கிழமை

தூங்கினேன். திங்கட்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்து, பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நிற்கும்போது செல்போன் அடித்தது. பின்னால் கவுன்டரின் சத்தம்: டோக்கன் கூப்பிடுகிறார்கள், யாரோ வெறும் வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்பது என்று சண்டை போடுகிறார்கள். பரிமளா தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று புரிந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்ற பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அண்ணா, 4417 போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லுது, என்னை வீட்ல இருக்கச் சொன்னப்போ எடுத்துட்டாங்க போல. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

ஆக, சகபாடிகளே, ஒரு வாரம் முழுக்க எங்கே தட்டினாலும் இருந்த ஓர் அம்மாவை, அவர் வந்து உட்கார்ந்த பிறகு இல்லவே இல்லை என்று சொல்கிற இயந்திரத்துக்குத்தான் நான் இத்தனை வருஷமாகக் கண் விழித்துக்கொண்டிருக்கிறேன்.